இரு கரையும் கண்ட ஹாரிஸ் பிரபு

பிறந்த ஊரை விட்டுப் பிற ஊரில் வாழ்வது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. வாணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்தாரும் உளர். வயிற்றின் பொருட்டுக் கடல் கடந்தாரும் உளர். முன்னவர்தம் பெருமையை நாம் மேடைதோறும் பேசி மகிழ்கின்றோம். பின்னவரை அத்துணை நினைப்பதில்லை. அவர்கள் ஏறிச் சென்ற கப்பலின் பெயரை நாம் அறியோம். அவர்கள் சென்று இறங்கிய தீவின் பெயரை நம் பிள்ளைகளும் அறியார்.

அத்தகைய தீவுகளுள் ஒன்று திரினிடாட். கரிபியன் கடலின் தென்கோடியில், வெனிசுலா நாட்டின் கரைக்கு மிக அருகில் அமைந்தது அத்தீவு. 1846ஆம் ஆண்டு முதல் 1854 வரை அதன் ஆளுநராக வீற்றிருந்து, பின்னர் நம் சென்னை இராஜதானிக்கே ஆளுநராக வந்து, 1859 வரை அரசு செலுத்திய ஹாரிஸ் பிரபுவின் வரலாற்றையே இம்மலரில் எழுத முற்பட்டுள்ளோம்.

தமிழ்ச் சங்கத்து மலரில் வெள்ளைக்காரத் துரையின் கதை எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு மூன்று காரணங்கள் கூறுவோம். இவர்தம் குடும்பப் பட்டத்திலேயே நம் மைசூரின் பெயர் இடம்பெற்றிருந்தது என்பது ஒன்று. தென்னாட்டில் முதன்முதல் பயணிகள் புகைவண்டி ஓடியது இவர் ஆட்சியில்தான் என்பது மற்றொன்று. தமிழ்க் கூலி மக்கள் கப்பலேறிய கரையையும், அவர்கள் இறங்கிய கரையையும் ஒருங்கே ஆளும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது என்பது மூன்றாவது. இம்மூன்றாவது காரணமே இக்கட்டுரைக்கு உயிர் எனலாம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் தந்த பட்டம்

நம் விஜயநகரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் நெடுந்தொலைவன்று. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரங்கநாதரைச் சேவிக்கச் செய்து, கோட்டை மதிலையும் திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தையும் காட்டி வருவது நம் வீடுகளில் வழக்கம். 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலப் படைக்குத் தலைமை பூண்டவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ் என்பார். அவ்வாண்டின் தொடக்கத்தில் வேலூரிலிருந்து புறப்பட்டு, மலைவழியேறி அவர் படை நடத்தி வந்தார். அப்படையில் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் பல்லாயிரவர் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

வெற்றிக்குப் பங்காகக் கிடைத்த பெரும் பொருளைக் கொண்டு ஜெனரல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பெல்மான்ட் என்னும் மாளிகையையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் உடைமையாக்கிக் கொண்டார். 1815ஆம் ஆண்டு அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. அப்பட்டத்தில் பெல்மான்டின் பெயரோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெயரும் மைசூரின் பெயரும் சேர்க்கப்பட்டன. இங்கு ஓர் அரசு வீழ்ந்தது. அங்கு ஒரு குடும்பம் எழுந்தது. உலக வரலாற்றின் நடை பெரும்பாலும் இவ்வாறே இருந்து வந்துள்ளது.

இந்த ஜெனரலின் பேரரே நம் கதைத் தலைவர். ஜார்ஜ் பிரான்சிஸ் ராபர்ட் ஹாரிஸ் என்பது இவர்தம் முழுப்பெயர். 1810ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள் பெல்மான்டில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்றார். பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்த கானிங் பிரபு இவருக்கு இளமைத் தோழர். 1845ஆம் ஆண்டு மே மாதத்தில் தந்தையார் இறக்கவே, குடும்பத்தின் மூன்றாம் பிரபுவாகப் பட்டம் பெற்றார். பாட்டனாரைப் போல் இவர் வாளெடுத்தவர் அல்லர், பேனா பிடித்தவர். இவருக்குக் கிடைத்த முதற்பெரும் பதவியே திரினிடாட் ஆளுநர் பதவியாகும். அப்போது இவருக்கு வயது முப்பத்தைந்து.

விலங்கு அறுந்த பின்

இவர் சென்றடைந்த தீவின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். திரினிடாட் நெடுங்காலம் ஸ்பெயின் நாட்டிற்கு உரியதாயிருந்தது. 1797இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். கரும்புத் தோட்ட முதலாளிகளுள் பலர் பிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்கர்கள். அரசாங்கமோ ஆங்கிலேயருடையது. தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களும் அவர்தம் மக்களும். ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் 1834இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும் பழகுநர் என்ற பெயரால் நீடித்த கட்டாய வேலை 1838இல் முற்றும் நீங்கியது. விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களை விட்டு அகன்று, தமக்கெனச் சிறு நிலம் தேடிக் குடியேறினர். அம்மக்களின் செயல் நமக்கு நன்கு விளங்குவதே. சாட்டையடி பட்ட இடத்தில் மீண்டும் கூலிக்கு நிற்க எவர் மனம்தான் இசையும்?

ஹாரிஸ் பதவியேற்ற 1846ஆம் ஆண்டிலேயே மற்றொரு இடியும் விழுந்தது. அடிமைகளைக் கொண்டு பயிரிட்ட கியூபா, பிரேசில் நாடுகளின் சர்க்கரைக்கும், விடுதலை பெற்ற தீவுகளின் சர்க்கரைக்கும் இங்கிலாந்தில் படிப்படியாக ஒரே வரி என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் செய்தது. சர்க்கரை விலை சரிந்தது. தோட்டங்கள் பல கடனில் மூழ்கின. அரசாங்கத்தின் வருவாயும் சுருங்கியது.

இந்நிலையில் ஹாரிஸ் பிரபு தீவின் மக்களை உற்று நோக்கி ஒரு முடிவுக்கு வந்தார். விலங்கை அறுத்துவிட்டதனால் மட்டும் மக்கள் கூட்டம் ஒரு சமுதாயமாகிவிடாது. விடுதலையைக் கொடுத்தவர்கள் சமுதாயத்தை உண்டாக்கும் வேலையைத் தொடங்காமலே விட்டுவிட்டனர் என்பது அவர்தம் கருத்தின் சாரம். இதனை அவர் மேலிடத்திற்கு எழுதியும் அனுப்பினார். அவரைப் பற்றி எழுதுவோர் இன்றளவும் எடுத்துக்காட்டுவது இக்கருத்தையே.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தீவினை மாவட்டங்களாகவும் வார்டுகளாகவும் பிரித்தார். ஒவ்வொரு வார்டிலும் நிலத்தின் மீது வரி விதித்து, அவ்வரியைக் கொண்டே அவ்வார்டின் சாலைகளையும் பள்ளிகளையும் நடத்தத் திட்டமிட்டார். 1851ஆம் ஆண்டு கல்விச் சட்டம் பிறந்தது. அதன்படி அரசாங்கமே பள்ளி நடத்தியது, கட்டணம் இல்லை, சமய போதனையும் இல்லை. கத்தோலிக்கர், ஆங்கிலத் திருச்சபையினர் ஆகிய இரு திறத்தாரும் எதிர்த்தனர். பல மொழியும் பல சமயமும் உள்ள மக்களின் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தாலன்றி ஒன்றுபடமாட்டார்கள் என்பது ஹாரிஸின் உறுதி. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் ஒரு பள்ளி அமைக்கப்பட்டது. அதே 1851இல் தலைநகராகிய போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பொது நூலகம் ஒன்றும் ஏற்பட்டது. தீவிற்குள் அஞ்சல் ஏற்பாடும் தொடங்கியது.

ஆயினும் அவர் ஆட்சியில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1849ஆம் ஆண்டு சிறைச்சாலை விதிகள் திருத்தப்பட்டபோது, கடன் தீர்க்க இயலாமல் சிறைப்பட்டவர்களின் தலையையும் மழிக்கலாம் என்றாயிற்று. கடன் என்பது குற்றமன்று, மானத்தைப் பறிக்காதீர் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். அக்டோபர் முதல் நாள் தலைநகரில் கலகம் மூண்டது. படையினர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. சமுதாயம் உண்டாக்க வந்தவரின் ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது. மேலிருந்து நன்மை செய்ய நினைப்போர் கீழிருப்போரின் மான உணர்ச்சியை அறியாது போவதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கூலிக் கப்பல்கள்

இனி நம்மவர் கதைக்கு வருவோம். ஹாரிஸின் தந்தையார் மறைந்த அதே 1845ஆம் ஆண்டு, அதே மே மாதத்தில், 30ஆம் நாளன்று, ஃபாத்தல் ரசாக் என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து திரினிடாட் துறையை அடைந்தது. அதில் இந்தியர் இருநூற்றுவருக்கு மேல் வந்திறங்கினர். அடிமைகள் விட்டுச்சென்ற கரும்புக் காட்டிற்குக் கூலிகள் வந்து சேர்ந்தனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. தமிழரும் தெலுங்கரும் அவற்றில் சென்றனர். எந்த மாவட்டத்தினராயினும் அங்கே அவர்கள் அனைவருக்கும் மதராசி என்பதே பெயர்.

ஹாரிஸ் ஆளுநராக வந்தபோது இவர்களைப் பற்றித் தெளிவான சட்டம் எதுவும் இல்லை. எனவே அவர் விதிகள் சிலவற்றை வகுத்தார். முதலாளி உணவும் உடையும் மருத்துவமும் தரவேண்டும் என்று அவ்விதிகள் கூறின. அதே வேளையில், கூலியாள் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறக்கூடாது என்றும் கூறின. முன்பகுதி காப்பு, பின்பகுதி கட்டு. இலண்டனில் அடிமை ஒழிப்புக் கழகத்தார் இதனைப் புதிய அடிமை முறை என்று கண்டித்தனர். மேலிடமும் விதிகளை ஏற்கவில்லை. கட்டு நீங்கியது, அதனோடு காப்பும் நீங்கியது. தோட்டங்களை விட்டு வெளியேறிய கூலிகள் பலர் மொழி தெரியாத நாட்டில் வழிநெடுக அலைந்தனர். பசியாலும் நோயாலும் சாலையோரங்களில் மாண்டனர். காட்டிலும் கரும்புக் கொல்லையிலும் எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. இச்செய்தியை ஹாரிஸே மேலிடத்திற்கு அறிவித்தார்.

அன்பர்களே, அந்த எலும்புகள் எவருடையவை? தஞ்சாவூர்க்காரருடையவையா, ஆற்காட்டாருடையவையா, பீகாரிலிருந்து வந்தவருடையவையா என்று எவரும் கேட்டறியவில்லை. தோட்டக் கணக்கில் ஒரு தலை குறைந்தது, அவ்வளவே.

1848இல் பணமுடை காரணமாக ஆள் கொணர்வது நிறுத்தப்பட்டது. 1851இல் மீண்டும் தொடங்கிற்று. சுதந்திரமாக விட்டதனால் மாண்டார்கள், ஆகவே ஒப்பந்தத்தால் கட்டவேண்டும் என்பதே ஆட்சியாளர் கற்றுக்கொண்ட பாடம். கூலியை உயர்த்தி, நிலமும் தந்து, குடும்பத்தோடு வரச்செய்து, அவர்தம் மொழி அறிந்தவரைத் துணைக்கு அமர்த்தலாம் என்னும் மற்றொரு பாடமும் அதில் இருந்தது. அதனை அன்று பெரும்பாலோர் கற்கவில்லை. 1917 வரையில் ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் அத்தீவிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் சென்னை வழியாகச் சென்றோர் சில ஆயிரவரே.

ஹாரிஸ் பெரிதும் போற்றிய வார்டுப் பள்ளிகளில் இக்கூலிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் சேரவில்லை. 1868இல் கனடா நாட்டுப் பாதிரியார் ஜான் மார்ட்டன் வந்து தனிப்பள்ளிகள் தொடங்கிய பிறகே அப்பிள்ளைகளிடையே எழுத்தறிவு பரவலாயிற்று. ஒரே வாங்கில் அமர்த்த விரும்பியவர், அவ்வாங்கில் நம் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தவறிவிட்டார்.

அவர்தம் இல்வாழ்க்கையும் அத்தீவிலேயே மலர்ந்து அத்தீவிலேயே கருகியது. 1850இல் அங்கிருந்த திருச்சபைத் தலைவர் ஒருவரின் மகளாகிய சாரா கம்மின்ஸ் அம்மையாரை மணந்தார். 1851 பிப்ரவரியில் ஆண்மகவு பிறந்தது. தோழர் கானிங்கின் பெயரையும் அக்குழந்தைக்குச் சேர்த்து வைத்தனர். 1853இல் அம்மையார் இறந்துவிட்டார். மூன்றாண்டும் நிறையாத இல்வாழ்க்கை. அடுத்த ஆண்டு ஹாரிஸ் திரினிடாடை விட்டு நீங்கினார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சென்னைக் கோட்டையில்

1854ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஹாரிஸ் பிரபு சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். எழுபதினாயிரம் மக்களைக் கொண்ட தீவை ஆண்டவர், இப்போது ஒடிசாவின் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்து, கோடிக்கணக்கான மக்கள் வாழ்ந்த இராஜதானியை ஆள வந்தார்.

வந்தவுடன் அவர் எதிரே நின்றது சித்திரவதை வழக்கு. நிலவரி வசூலிக்கும் சிப்பந்திகள் குடியானவர்களை வதைத்தே வரி பெறுகின்றனர் என்ற குறை நெடுநாளாக இருந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் நிறுவிய சென்னைச் சுதேசிகள் சங்கம் இதனைப் பாராளுமன்றம் வரை எடுத்துச் சென்றது. அதன் விளைவாக 1854இல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. விரல்களை நெரிக்கும் கிட்டி, தலையைத் தாழ்த்திக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவை வழக்கத்தில் இருப்பது உண்மையே என்று அக்குழு 1855இல் அறிக்கை தந்தது. வரி வாங்குவோரும் காவல் புரிவோரும் ஒருவராகவே இருப்பதுதான் தீமையின் வேர் என்பது புலனாயிற்று. அதனின்று பிறந்ததே 1859ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம். ஒரு சங்கம் எழுதிய மனு ஓர் இராஜதானியின் காவல் முறையையே மாற்றியது என்பதைச் சங்கம் நடத்தும் நாம் கருத்தில் இருத்தல் நன்று.

கல்வித்துறையில் திரினிடாடில் விட்ட வேலையை இங்கே தொடர்ந்தார். கல்வி பற்றிய புதிய கட்டளை 1854இல் இலண்டனிலிருந்து வந்திருந்தது. அதன்படி தனிக் கல்வி இலாகா ஏற்பட்டது. 1856இல் சென்னையில் அரசினர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் என்ற முறையில் அதன் முதல் வேந்தர் ஹாரிஸ் பிரபுவே. பின்னாளில் நம் நாட்டின் அறிவாளர் எத்தனையோ பேர் அப்பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றனர்.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1855ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆற்காட்டு நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான், தஞ்சை மன்னர் சிவாஜி ஆகிய இருவரும் ஆண் வாரிசின்றி மறைந்தனர். நவாப் என்னும் பட்டம் இனி வேண்டுவதில்லை என்று ஹாரிஸ் கருத்துரைத்தார், அவ்வாறே முடிவாயிற்று. தஞ்சை மன்னர் பட்டமும் அத்தோடு முடிந்தது. அரண்மனைகளை நம்பியிருந்த ஊழியரும் கலைஞரும் புலவரும் நிலைகுலைந்தனர். இதில் ஒரு வியப்பும் உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அகப்பட்ட கடிதங்களைக் காரணம் காட்டியே ஆங்கிலேயர் ஆற்காட்டு நவாபின் ஆட்சியைப் பறித்தனர். பாட்டனார் கைப்பற்றிய கோட்டையில் தொடங்கியது, பேரனின் எழுதுகோலில் முடிந்தது.

புகைவண்டி வந்தது

இரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நாம், இப்பகுதியை எழுதும்போது சற்று மகிழ்ச்சி கொள்வதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். சென்னை இரயில்வே கம்பெனியார் 1853இல் இராயபுரத்தில் வேலை தொடங்கி, வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 65 மைல் தொலைவிற்கு இருப்புப்பாதை அமைத்தனர். 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாள் பொதுமக்களுக்கு வண்டிகள் ஓடலாயின. உருண்டைத் தூண்கள் தாங்கும் அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. முதன்முதல் ஓடிய வண்டியில் ஆளுநரும் முந்நூறு ஐரோப்பியரும் வாலாஜா ரோடு சென்றனர். நம்மவர்க்கென்று வேறொரு வண்டி விடப்பட்டது. அது திருவள்ளூர் வரை சென்றது. ஒரே தண்டவாளம், இரண்டு வண்டிகள். அன்றைய ஆட்சியின் தன்மை முழுதும் அதில் அடங்கிவிட்டது.

அப்பாதையே மேலும் நீண்டு, சோலையார்பேட்டையிலிருந்து பிரிந்து, 1864இல் பெங்களூரை எட்டியது. 1882இல் பெங்களூரிலிருந்து மைசூர் வரை வண்டி வந்தது. ஜெனரல் ஹாரிஸ் பீரங்கிகளோடு மலையேறிய நாட்டின் ஊடே, இன்று நாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குச் சென்று திரும்புகின்றோம். வெற்றி கொள்வதற்காகவும் சரக்கும் படையும் ஏற்றுவதற்காகவும் திறக்கப்பட்ட வழி, காலப்போக்கில் எளியவரின் வழியாயிற்று. வழி அமைத்தவரின் நோக்கம் ஒன்று. வழியில் நடந்தவரின் பயன் மற்றொன்று.

1857ஆம் ஆண்டு வடநாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ஹாரிஸின் பழைய தோழர் கானிங் பிரபு. சென்னை தன் காவலைக் குறைத்துக்கொண்டும் படைகளைக் கப்பலேற்றி வடக்கே அனுப்பியது. நீல் என்பவரின் தலைமையில் சென்ற சென்னை வெள்ளையர் படை வடநாட்டில் செய்த கொடுமைகள் வரலாற்றில் நீங்காத கறை. அவருக்குச் சென்னையில் எழுப்பிய சிலையை 1937இல் அமைந்த மக்கள் அமைச்சரவை சாலையிலிருந்து அகற்றியது. ஆங்கிலேயர் கண்ணுக்கு ஹாரிஸின் செயல் துணிவு. நம் கண்ணுக்கு அதன் விலை தெரிகிறது.

தன் ஆட்சியில் இத்துணைச் செயல் செய்தவர், தாம் நன்கறிந்த ஒன்றில் மட்டும் மாற்றம் காணவில்லை. சென்னைத் துறையிலிருந்து கூலிக் கப்பல்கள் அவர் காலத்திலும் புறப்பட்டுக்கொண்டே இருந்தன. மொரீஷியசுக்குச் சென்றன; மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றன. அவர் பதவி நீங்கிய மறு ஆண்டாகிய 1860இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதற்கப்பல் புறப்பட்டதும் சென்னையிலிருந்தே. கோட்டை மாளிகையில் நின்றால் கப்பலின் பாய் தெரியும். அக்கரையில் சாலையோரத்து எலும்புகளைப் பற்றி எழுதிய அதே கை, இக்கரையில் நாள்தோறும் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தது. இருகரையும் கண்டவருக்கு இடையிலிருந்த கடலின் ஆழம் தெரியவில்லை. ஹாரிஸ் பிரபுவின் வாழ்க்கையில் நாம் காணும் பெருங்குறை இதுவே.

எஞ்சி நிற்பவை

1859ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் சென்னையை விட்டு நீங்கினார். பின்னர் இங்கிலாந்தின் இளவரசர் மாளிகையில் மதிப்புமிக்க பொறுப்பு வகித்தார். 1872ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தாம் பிறந்த பெல்மான்டிலேயே காலமானார். திரினிடாடில் பிறந்த மகன் நான்காம் ஹாரிஸ் பிரபுவாகி, 1880இல் இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் கிரிக்கெட் பந்தயத்தில் அந்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கினார். 1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநராகவும் இருந்தார்.

சென்னையில் கூவத்தின் மேல் ஹாரிஸ் பாலம் உண்டு. அதனையடுத்த ஹாரிஸ் சாலை பின்னர் ஆதித்தனார் சாலை ஆயிற்று. திரினிடாடின் சான் பெர்னாண்டோ நகரில் ஹாரிஸ் வீதி இன்றும் அவர் பெயரோடு விளங்குகிறது. அவ்வீதியில் பழைய கரும்பு இரயிலின் நீராவி எஞ்சின் ஒன்று நினைவுப் பொருளாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அங்கே ஹாரிஸின் பெயர் தாங்கிய மண்ணில் நிற்பது மகாத்மா காந்தியடிகளின் சிலை. அச்சிலையை அங்கு வேண்டி நின்றோர் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஆவர்.

இதனினும் தெளிவான விடை வேறு வேண்டுமோ? விலங்கு அறுந்தோர் சமுதாயமாகவில்லையே என்று கவலையுற்றார் ஹாரிஸ் பிரபு. அவர் கவலை உண்மையானது. பள்ளியும் நூலகமும் சாலையும் அஞ்சலும் தந்தார், அவை நல்லவையே. ஆயினும் சமுதாயத்தை ஆளுநர் உண்டாக்கவில்லை. கரும்புக் காட்டின் குடிசைகளில், வேலை முடிந்த மாலையில், ஊர்ப்பெயர் சொல்லி உறவு கொண்டாடிய மக்களே அதனை உண்டாக்கினர். ஒரே கப்பலில் வந்தவர்கள் தம்முள் உடன்பிறந்தாராகப் பழகினர். மதராசிகள் மாரியம்மனையும் காளியையும் மறவாமல் வழிபட்டனர். அவ்வழிபாடு இன்றும் அங்கே நடைபெறுகிறது. 1845 மே 30ஆம் நாளை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் அந்நாடு முழுதும் விடுமுறை விடுகிறது. ஆனால் தமிழ்மொழி மட்டும் அவர்களின் நாவில் நிலைக்கவில்லை. சொற்பமானவர், பள்ளியில்லை, நூலில்லை, ஊரோடு தொடர்பில்லை. சில தலைமுறைகளில் பாட்டின் ஓசை எஞ்சியது, பொருள் போயிற்று.

நமக்கு அத்தகைய துன்பம் ஏதும் இல்லை. கன்னட நாட்டு மக்கள் நம்மை அன்போடு ஏற்றனர். வேலை உண்டு, வீடு உண்டு, ஊருக்குச் செல்ல இரவு வண்டியும் உண்டு. அவர்தம் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்றுள்ளனர். அது மிகவும் வேண்டியதே. ஆனால் அவர்களுள் எத்தனை பேர் தமிழில் ஒரு கடிதம் எழுத வல்லர் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் கலங்குகிறது. கடல் கடந்து, கல்வியின்றி, காவலின்றி வாழ்ந்தோர் மொழியை இழந்ததற்குக் காரணம் உண்டு. எல்லாம் வாய்த்த நாம் இழந்தால் யாரைக் காரணம் கூறுவோம்?

எந்த ஆளுநரும் வந்து நமக்குச் சமுதாயம் அமைத்துத் தரப்போவதில்லை. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பும், ஒரு சிறு நூலகமும், அண்டை வீட்டாரின் நன்மை தீமைகளில் கலந்துகொள்ளும் பழக்கமும் இருந்தால் போதும். சங்கத்தின் சந்தா இரசீது மட்டும் நம்மைச் சங்கமாக்காது. இதனை உணர்வதற்கு ஹாரிஸ் பிரபுவின் நிறையும் குறையும் நமக்கு ஒருங்கே துணை செய்யுமாயின், அவர்தம் பாட்டனார் கொண்டுசென்ற நம் ஊர்ப் பெயருக்கு ஒரு சிறு கைம்மாறு கிடைத்ததாகக் கொள்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!